ஏழு என்னும் எண்: ஐதராபாத்தின் வரலாற்றிடங்களும் பழமரபுக்கதைகளும்

ஐதராபாத்தின் வரலாற்றிடங்களைக் காணச் செல்வோர் ஒவ்வோர் இடத்திலும் இருவகைச் செய்திகளைப் பெறுகின்றனர். ஒன்று தொல்லியல் துறையின் அறிவிப்புப் பலகை தருவது. அதில் ஆண்டும் அரசர் பெயரும் கட்டடப் பாங்கும் இருக்கும். மற்றொன்று வழிகாட்டிகளும் வாயிற்காவலரும் தேநீர்க் கடைக்காரரும் சொல்வது. அதில் காதலும் கனவும் சாபமும் சுரங்கப்பாதையும் இருக்கும். பலகையைப் படிப்போர் சிலர். கதையை நினைவிற்கொண்டு ஊர் திரும்புவோர் பலர். வரலாற்றாசிரியர் இக்கதைகளைப் பெரும்பாலும் ஒதுக்கிவிடுவர். வழக்காற்றியலாரோ தொகுத்து வகைப்படுத்துவதோடு அமைவர். பலகையையும் கதையையும் எதிரெதிரே வைத்து, கதை எதைச் சொல்கிறது என்பதோடு எதைச் சொல்லாமல் விடுகிறது என்பதையும் காண்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தமிழாய்வாளர் இதில் ஈடுபடக் காரணம் உண்டு. 17ஆம் நூற்றாண்டில் கோல்கொண்டாவின் ஆட்சி பூந்தமல்லி, சாந்தோம் வரை பரவியிருந்தது. 18ஆம் நூற்றாண்டில் நிஜாமின் சேனைகள் ஆர்க்காட்டிற்கும் திருச்சிராப்பள்ளிக்கும் செஞ்சிக்கும் வந்தன. ஐதராபாத்தின் வாய்மொழி மரபு விட்டுச்சென்ற வெற்றிடங்களுள் ஒன்றேனும் தமிழில் எழுதப்பட்ட ஆவணம் ஒன்றால் நிரம்புகிறது. கட்டபொம்மு கதைப்பாடல், கான்சாகிபு சண்டை முதலியவற்றைப் பதிப்பித்த நா. வானமாமலை, கதைப்பாடலை ஆவணத்தோடு ஒப்பிட்டு நோக்கும் முறையைத் தமிழுக்குப் பழக்கப்படுத்தினார். அம்முறையே இங்கும் கைக்கொள்ளப்படுகிறது.

ஆயர் குன்றும் இராமதாசர் சிறையும்

கோல்கொண்டா என்னும் பெயர் தெலுங்கில் ‘கொல்ல’ (ஆயர்), ‘கொண்ட’ (குன்று) ஆகிய இரு சொற்களால் ஆயது. குன்றின்மேல் ஆடு மேய்த்த சிறுவன் ஒருவன் தெய்வ உருவம் ஒன்றைக் கண்டெடுத்தான் என்றும், செய்தி அறிந்த காகதிய அரசன் அவ்விடத்தைச் சூழ மண்கோட்டை எழுப்பினான் என்றும் கதை வழங்குகிறது. பசு தானே பால் சொரிய, ஆயன் மண்ணை அகழ்ந்து இலிங்கம் கண்ட செய்தியைத் தலபுராணங்களில் பயின்றவர்க்கு இக்கதையின் அமைப்பு புதிதன்று. 1518 முதல் தனியாட்சி செலுத்திய குதுப் ஷாஹி மரபின் முதல்வர் சுல்தான் குலி இந்நகருக்கு முகம்மதுநகர் என்று பெயரிட்டார். அரசர் இட்ட பெயர் நிலைக்கவில்லை. ஆயனின் பெயரே நின்றது. கதையில் வரும் சிறுவன் இருந்தானா என்பதை நிறுவ முடியாது. ஆயினும், குன்று அரசருடையதாவதற்கு முன்பு மேய்ச்சல் நிலமாக இருந்தது என்னும் உரிமைக்கூற்றை அப்பெயர் ஐந்நூறு ஆண்டுகளாகக் காத்து வந்திருக்கிறது.

கோட்டைக்குள் வழிகாட்டிகள் முதலில் செய்துகாட்டுவது கைதட்டலாகும். நுழைவாயிலின் கவிகை மண்டபத்தின் கீழ் ஒருவர் கைதட்டினால், குன்றின் உச்சியிலுள்ள பாலா ஹிசார் மண்டபத்தில் அவ்வொலி கேட்கும். பகைவர் வரவை உணர்த்தும் ஏற்பாடு இது என்பர். 1687-இல் அவுரங்கசீப்பின் படை ஏறத்தாழ எட்டு மாதம் முற்றுகையிட்ட பின்னர், உள்ளிருந்த அப்துல்லா கான் பன்னி என்னும் படைத்தலைவர் கதவைத் திறந்துவிட்டார். உள்ளிருந்தே கதவு திறக்கப்படும்போது கைதட்டல் யாருக்கு உதவும் என்ற வினாவை வழிகாட்டிகள் எழுப்புவதில்லை.

இக்கோட்டையில் ஆய்வாளர் நெடுநேரம் நிற்கவேண்டிய இடம் இராமதாசர் சிறை எனப்படும் கூடமாகும். கஞ்சர்ல கோபண்ணர் பத்ராசலம் பகுதியில் வரி தண்டும் அதிகாரியாக இருந்தவர். அரசுக்குரிய பணத்தைக் கொண்டு பத்ராசலத்தில் இராமர் கோயிலைக் கட்டியதாக அவர்மீது குற்றம் சாட்டப்பட்டது. சுல்தான் அபுல் ஹசன் தானா ஷா அவரைச் சிறையிலிட்டார். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, ஓரிரவில் இரண்டு இளைஞர்கள் சுல்தானின் பள்ளியறையில் தோன்றி ஆறு இலட்சம் பொன்னைச் செலுத்தி இரசீது பெற்றுச் சென்றனர். அவர்கள் இராமனும் இலக்குவனும் என்று உணர்ந்த சுல்தான் கோபண்ணரை விடுவித்தார். இதுவே மக்கள் அறிந்த கதை. சிறைச்சுவரில் காணப்படும் இராமர், சீதை, இலக்குவர், அனுமன் உருவங்களை அவரே செதுக்கினார் என்று வருவோர்க்குக் காட்டுகின்றனர்.

கதையைக் காலவரிசையில் வைத்துப் பார்த்தால் இடர் தோன்றுகிறது. தானா ஷா 1672-இல் அரியணை ஏறி 1687-இல் அதனை இழந்தார். கோபண்ணர் பதவி பெறக் காரணமாக இருந்தவர் அவருடைய தாய்மாமனாகக் கூறப்படும் அமைச்சர் மாதண்ணர். மாதண்ணர் தலைமை அமைச்சராக உயர்ந்தது 1674 அளவில். பதவி பெறுதல், கோயில் கட்டுதல், குற்றச்சாட்டு, பன்னிரண்டு ஆண்டுச் சிறை ஆகிய அனைத்தையும் அதன்பின் அடுக்கினால், விடுதலைக்கு முன்பே சுல்தானின் ஆட்சி முடிந்துவிடும். ஆகவே, ‘பன்னிரண்டு’ என்பது கணக்கெடுத்த எண் அன்று. தவத்திற்கும் வனவாசத்திற்கும் தண்டனைக்கும் கதைமரபு வழக்கமாக வழங்கும் எண் என்று கொள்ளுதலே பொருந்தும்.

ஆனால் எண்ணைப் பிழையெனக் காட்டுவதோடு ஆய்வு முடிந்துவிடாது. இக்கதை வியப்பான ஒன்றைச் செய்கிறது: சிறையிலிட்ட சுல்தானையே இராமனின் காட்சி பெற்றவராக்குகிறது. அடியவர் கோபண்ணர் சிறையில் காத்திருக்க, காட்சி சுல்தானுக்குக் கிடைக்கிறது. மாதண்ணர், அக்கண்ணர் என்னும் பிராமணச் சகோதரர்களிடம் ஆட்சியை ஒப்படைத்தார் என்பது தானா ஷாவின்மீது அவுரங்கசீப் சுமத்திய குற்றச்சாட்டுகளுள் ஒன்று. 1685–86 ஆண்டுகளின் நெருக்கடியில் அச்சகோதரர் இருவரும் கோல்கொண்டாவில் கொல்லப்பட்டனர். சுல்தானோ இரண்டாண்டுக்குள் நாட்டை இழந்து தௌலதாபாத் கோட்டையில் கைதியானார். கோபண்ணரைச் சிறையிலிட்டவர் தாமே சிறைப்பட்ட இம்முரண், கதை உருவானபோது மக்கள் நினைவில் பசுமையாக இருந்திருக்கவேண்டும். முகலாயப் பேரரசர் எதனைக் குற்றமெனக் கூறினாரோ அதனையே பத்ராசலத்துக் கதை பேறாக மாற்றிவிட்டது எனலாம். பத்ராசலத்தில் இராமநவமியன்று நிகழும் திருக்கல்யாணத்திற்கு அரசின் சார்பில் முத்துகள் அனுப்பும் வழக்கம் தானா ஷாவின் காலத்தது என்று நம்பப்படுகிறது. நிஜாம்களும் பின்னர் மாநில அரசுகளும் அதனைக் கைவிடவில்லை.

கோபண்ணர் பணியாற்றிய அதே ஆட்சியமைப்பின் தென்கோடிக் கிளை தொண்டைமண்டலத்தில் இருந்தது. பூந்தமல்லியில் கோல்கொண்டாவின் அதிகாரியாக லிங்கப்பா இருந்தார். அவருக்கும் சென்னைக் கோட்டை ஆங்கிலேயருக்கும் நிகழ்ந்த பூசல்கள் கும்பினி ஆவணங்களில் பதிவாகியுள்ளன. ஆனால் இராமதாசர் தமிழகத்திற்கு வந்தது ஆட்சிவழி அன்று, இசைவழி. திருவையாற்றில் வாழ்ந்த தியாகராசர் (1767–1847) ‘பிரகலாத பக்தி விஜயம்’ என்னும் இசைநாடகத்தில் இராமதாசரைப் போற்றுகிறார். ‘க்ஷீரசாகர சயன’ என்று தொடங்கும் கிருதியில் அவருடைய சிறை நீங்கிய செய்தியைச் சுட்டுகிறார். தானா ஷாவின் வீழ்ச்சிக்கும் தியாகராசரின் பிறப்பிற்கும் இடைப்பட்ட காலம் எண்பது ஆண்டுகளே. அதற்குள் கிருஷ்ணா, கோதாவரி நாட்டுக் கதை காவிரிக்கரைப் பசனை மடங்களில் ஐயமற்ற வரலாறாகிவிட்டது. தஞ்சைப் பகுதியில் இராமதாசர் கீர்த்தனைகளைக் கேட்டு வளர்ந்த ஒருவர் கோல்கொண்டாச் சிறைக்குள் நுழையும்போது, அங்கே புதிதாக எதையும் அறிவதில்லை. முன்பே அறிந்த ஒன்றைச் சரிபார்க்கிறார். வரலாற்றிடப் பயணங்கள் பலவற்றின் இயல்பு இதுவே.

பாலமும் பாக்மதியும்

மூசி ஆற்றின்மேல் 1578-இல் இப்ராகிம் குதுப் ஷா கட்டிய புரானாபுல் ஐதராபாத்தின் முதற்பாலமாகும்; நகரைவிட வயதில் மூத்தது. இளவரசர் முகம்மது குலி, ஆற்றின் மறுகரையில் சிச்லம் என்னும் சிற்றூரில் வாழ்ந்த பாக்மதி என்ற ஆடல்மகளைக் காதலித்தார்; பெருக்கெடுத்த ஆற்றில் குதிரையைச் செலுத்தி அவளைக் காணச் சென்றார்; மகன் உயிருக்கு அஞ்சிய தந்தை பாலம் அமைத்தார். பின்னர் அரியணை ஏறிய முகம்மது குலி அவள் பெயரால் பாக்நகர் என்னும் நகரை அமைத்தார். அவள் ஹைதர் மஹல் என்னும் பட்டம் பெற்றபின் நகரும் ஐதராபாத் ஆயிற்று. வழிகாட்டிகள் இதனை இவ்வாறே, ஒரு சொல்லும் மாறாமல் சொல்கின்றனர்.

முகம்மது குலி பிறந்தது 1565 அளவில். பாலம் கட்டி முடிந்தபோது அவருக்குப் பன்னிரண்டு அல்லது பதின்மூன்று வயது. வெள்ளத்தில் குதிரை செலுத்திய காதலனுக்கு இது சற்றே குறைந்த வயது. கோல்கொண்டாவிற்கும் வெளியுலகிற்குமான வணிகப்பாதை ஆற்றைக் கடந்து சென்றது என்பதே பாலத்திற்குப் போதிய காரணமாகும்.

பாக்மதியைப் பற்றிய விவாதம் இதனினும் நுட்பமானது. அக்பரின் தூதராகத் தக்காணம் வந்த கவிஞர் ஃபைசி, நகருக்குப் பாக்மதியின் பெயர் இடப்பட்டதைத் தம் அறிக்கையில் எழுதினார். ஃபெரிஷ்டா என்னும் வரலாற்றாசிரியரும் அச்செய்தியைத் தந்தார். இவ்விருவரும் சமகாலத்தவர், ஆனால் இருவரும் கோல்கொண்டாவிற்கு வெளியே இருந்தவர்கள். கோல்கொண்டா அரசவையினர் எழுதிய வரலாறு இவ்வகையில் பேசவில்லை. கிடைத்துள்ள நாணயங்களில் ஐதராபாத் என்ற பெயரே காணப்படுகிறது. 17ஆம் நூற்றாண்டில் வந்த பிரெஞ்சு வணிகர் தாவர்னியே ‘பாக்’ என்பதற்குத் தோட்டம் என்று பொருள்கொண்டு, ‘நகர்’ என்பதையே அரசியின் பெயராக்கிவிட்டார்! சொற்பிறப்பைக் கதையாக விரிக்கும் பழக்கம் நம் ஊர்ப் புராணிகர்க்கு மட்டும் உரியதன்று என்பதற்கு இது சான்று. 20ஆம் நூற்றாண்டில் முகம்மது குலியின் தக்கணி உருதுக் கவிதைகளைப் பதிப்பித்த மொகியுத்தீன் காதிரி சோர் பாக்மதியின் இருப்பை ஏற்றார். ஹாரூன் கான் ஷெர்வானி மறுத்தார். குதுப் ஷாஹி கல்லறைத் தோட்டத்தில் தாராமதி, பிரேமாமதி என்னும் ஆடல்மகளிர்க்கு உரியனவென மரபு சுட்டும் கல்லறைகள் உண்டு. நகருக்கே பெயர் தந்ததாகக் கூறப்படும் பெண்ணுக்குக் கல்லறை இல்லை.

இவ்விவாதம் நூலகத்தோடு நின்றுவிடவில்லை. 2020-இல் நடந்த ஐதராபாத் மாநகராட்சித் தேர்தலின்போது நகரின் பெயரைப் பாக்யநகர் என்று மாற்றுதல் தேர்தல் பேச்சாயிற்று. ஒரு சுல்தான் ஓர் ஆடல்மகளைக் காதலித்து மணந்த கதை, அச்சுல்தான் அளித்த பெயரையே அகற்றுவதற்குரிய வாதமாக மாறியது. கதைக்கு உரிமையாளர் இல்லை. எடுத்தாள்பவர் எவரோ அவர் பக்கமே அது பேசும். இந்நிலையில், பாக்மதி இருந்தாள் அல்லது இல்லை என ஒரு சொல்லில் தீர்ப்பளிப்பது ஆய்வாளருக்கு எளிதாகத் தோன்றலாம். சான்றுகள் அத்துணிவைத் தருவனவாக இல்லை. அரசவையின் மௌனம் அவள் இல்லாமையால் விளைந்ததாகவும் இருக்கலாம். அவளைச் சொல்ல விரும்பாமையால் விளைந்ததாகவும் இருக்கலாம்.

சார்மினார் பற்றிய கதையோ வேறுவகையானது. கொள்ளைநோய் நீங்கியமைக்கு நன்றியாக அது எழுப்பப்பட்டது என்பர். ஹிஜ்ரி ஆயிரமாம் ஆண்டு 1591 அக்டோபரில் தொடங்கியது. அவ்வாண்டை ஒட்டி நகர் நிறுவப்பட்டது. அந்நிகழ்ச்சிக்கு மரபு வழங்கும் காலக்குறிப்பு ‘யா ஹாஃபிஸ்’, அதாவது ‘காப்பவனே’ என்பதாகும். அரபு எழுத்துகளுக்குரிய எண்மதிப்பைக் கூட்டினால் சரியாக ஆயிரம் வரும். நம் கடபயாதி முறையை ஒத்த உத்தி இது. காக்கும் இறைவனை விளிக்கும் காலக்குறிப்பும் நோய் நீங்கிய கதையும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்ததா என்பது முடிவு காண இயலாத வினா. சார்மினாரிலிருந்து கோல்கொண்டாவிற்குச் சுரங்கப்பாதை உண்டென்ற கதையை இங்கு விரிக்க வேண்டியதில்லை. தமிழகத்தில் கோட்டையும் கோயிலும் உள்ள ஊர்களில் இத்தகைய சுரங்கம் இல்லாத ஊர் அரிது.

மௌலா அலி அடிவாரத்துக் கல்லறை

நகரின் வடகிழக்கே மௌலா அலி என்னும் பாறைக்குன்று உள்ளது. புரானாபுல் கட்டப்பட்ட அதே 1578-இல், அரசவையில் பணிபுரிந்த யாகூத் என்பவர் கனவில் அலி இக்குன்றின்மேல் அமர்ந்திருக்கக் கண்டார். விழித்தெழுந்து சென்றபோது பாறையில் கைத்தடம் பதிந்திருந்தது. அக்கைத்தடத்தைச் சூழ எழுந்ததே உச்சியிலுள்ள திருத்தலம். ரஜப் மாதம் 17ஆம் நாள் இங்கே உர்சு நிகழ்கிறது. சமய வேறுபாடின்றி மக்கள் படியேறுகின்றனர்.

குன்றின் அடிவாரத்தில் மஹ்லகா பாய் சந்தா (1768–1824) துயிலும் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. அவர் ஆடல்மகள், உருதுக் கவிஞர், நிஜாம் அவையில் மதிப்புப் பெற்றவர். 1799-இல் ஆங்கில அதிகாரி ஜான் மால்கமுக்கு அவர் அளித்த கவிதைத் தொகுதியின் கையெழுத்துப்படி இலண்டனில் பிரித்தானிய நூலகத்தில் உள்ளது. தம் தாயின் கல்லறையை அவரே எழுப்பினார். தாமும் அங்கேயே அடக்கமானார். பிறந்த ஆண்டு, இறந்த ஆண்டு, கவிதை, கல்லறை ஆகிய அனைத்தும் ஐயத்திற்கிடமின்றிக் கிடைக்கும் ஆடல்மகள் இவர். எனினும் சுற்றுலாப் பயணியர் பாக்மதியைக் கேட்டறிகின்றனர். மஹ்லகாவின் கல்லறைக்கு வழி கேட்போர் குறைவு. சான்றுள்ள பெண் பின்னே நிற்க, சான்றில்லாத பெண் முன்னே வருவதற்குக் காரணம் உண்டு. பாக்மதி ஓர் அரசரின் காதலி. கதை அரசரைப் பற்றியது. மஹ்லகா எவருக்கும் மனைவியாகாமல் தம் எழுத்தாலும் செல்வத்தாலும் நின்றவர். அவரை வைத்துச் சொல்வதற்குக் கதைமரபிடம் ஆயத்தமான அச்சு எதுவும் இல்லை.

அருங்காட்சியகக் கூடங்கள்

அருங்காட்சியகங்களைப் பொறுத்தவரை கதையின் வளம் குறைவே. மூன்றாம் சாலார் ஜங் சேர்த்த பொருள்களைக் கொண்டு 1951-இல் திறக்கப்பட்ட சாலார் ஜங் அருங்காட்சியகத்தில் கூட்டம் சேரும் இடங்கள் இசைக் கடிகாரமும், பென்சோனி செதுக்கிய முக்காடிட்ட ரெபெக்காளின் பளிங்குச் சிலையும் ஆகும். இவை வியப்புக்குரியன, வழக்காற்றுக்குரியன அல்ல. நாம்பள்ளிப் பொதுத்தோட்டத்திலுள்ள மாநில அருங்காட்சியகத்தின் எகிப்திய மம்மியைச் சுற்றியே மறைபொருள் உணர்வு சூழ்ந்துள்ளது. ஆறாம் நிஜாமின் மருமகன் நசீர் நவாஸ் ஜங் விலைக்கு வாங்கி ஏழாம் நிஜாமுக்கு அளித்ததாகவும், அவர் 1930 அளவில் அருங்காட்சியகத்திற்கு வழங்கியதாகவும் கூறப்படுகிறது. ‘ஆறாம் ஃபாரோவின் மகள் நைஷு’ என்று அதனை அறிமுகப்படுத்துவது வழக்கம். அரசமரபைச் சுட்டாமல் ஃபாரோக்களை எண்ணிட்டு வழங்கும் முறை எகிப்தியலில் இல்லை. ஆறாம் நிஜாம், ஏழாம் நிஜாம் என்று எண்ணிப் பழகிய நகரம் எகிப்தையும் அவ்வாறே எண்ணிவிட்டது போலும்.

இவ்வெண்ணும் பழக்கமே, இக்கட்டுரை முதன்மையாகக் கருதும் கதைக்கு இட்டுச் செல்கிறது.

ஏழு குல்சாக்கள்

சௌமஹல்லா அரண்மனைக்கோ புரானி ஹவேலியிலுள்ள நிஜாம் அருங்காட்சியகத்திற்கோ செல்வோர் இக்கதையைக் கேளாமல் திரும்புவதில்லை. மீர் கமருத்தீன் தக்காணத்திற்கு வந்தபோது அவுரங்காபாத்தைச் சேர்ந்த நிஜாமுத்தீன் என்னும் சூஃபிப் பெரியாரைக் கண்டார். பெரியார் மஞ்சள் துணியில் பொதிந்த குல்சா ரொட்டிகளை உண்ணத் தந்தார். பசித்திருந்த கமருத்தீன் ஏழு ரொட்டிகளை உண்டு, அதற்குமேல் இயலாது என்றார். ‘உன் வழியினர் ஏழு தலைமுறை ஆள்வர்’ என்று பெரியார் வாழ்த்தினார். ஆசஃப் ஜாஹி கொடியின் மஞ்சள் நிறம் அத்துணியையும், நடுவிலுள்ள வட்டம் குல்சாவையும் குறிக்கும் என்பர். 1724-இல் தொடங்கிய ஆட்சி ஏழாம் நிஜாம் உஸ்மான் அலி கானோடு 1948-இல் முடிந்ததால் வாக்குப் பலித்தது என்று கதை நிறைவுறும்.

ஆண்டவர்களை எண்ணிப் பார்த்தால் எழுவர் வரமாட்டார், பதின்மர் வருவர். 1748-இல் முதலாம் ஆசஃப் ஜா இறந்ததற்கும் 1762-இல் நிஜாம் அலி கான் இரண்டாம் ஆசஃப் ஜாவாக அமர்ந்ததற்கும் இடையே மூவர் ஆண்டனர்: மகன் நாசர் ஜங், மகள்வழிப் பெயரன் முசாஃபர் ஜங், மற்றொரு மகன் சலாபத் ஜங். ஆசஃப் ஜா என்னும் பட்டவரிசையில் இவர்கள் சேர்க்கப்படவில்லை. ஆகையால் கதையின் எண்ணிக்கையிலும் இல்லை. நிஜாம்களின் பெருமைக்குச் சின்னமாகக் காட்டப்படும் சௌமஹல்லா அரண்மனையை 18ஆம் நூற்றாண்டின் நடுவில் தொடங்கியவர் சலாபத் ஜங் என்பது அரண்மனை வரலாறே தரும் செய்தி. எண்ணப்படாதவர் தொடங்கிய மாளிகையில் நின்றுகொண்டே எண்ணப்பட்டவர்களின் கதை சொல்லப்படுகிறது.

குதுப் ஷாஹிகளையும் எழுவர் என்றே ஐதராபாத்தில் சொல்வர். 1550-இல் சில திங்கள் அரியணையில் இருந்த சிறுவன் சுபானைச் சேர்த்தால் எண்மர். இரண்டு அரசமரபுகளையும் ஏழாகத் திருத்திக்கொண்டது நகரின் நினைவு. ஏழு என்பது ஈரிடத்தும் கணக்கின் விளைவன்று. கணக்கைத் தனக்கேற்ப வளைத்த வடிவம். குல்சாக் கதை இன்றைய உருவில் முழுமை பெற்றது உஸ்மான் அலி கானின் ஆட்சி முடிந்த பின்னராகவே இருக்கவேண்டும். ஏழாமவரே கடைசி என்று தெரியாதவரை, வாக்குப் பலித்த கதையைச் சொல்ல இயலாது.

விடப்பட்ட மூவருள் இருவரின் முடிவு தமிழகத்தோடு பிணைந்தது. முதலாம் ஆசஃப் ஜா 1743-இல் பெருஞ்சேனையோடு ஆர்க்காட்டிற்கு வந்து, மராத்தியத் தலைவர் முராரி ராவிடமிருந்து திருச்சிராப்பள்ளியைக் கைக்கொண்டார். அன்வருத்தீனை ஆர்க்காட்டில் அமர்த்தினார். 1749-இல் ஆம்பூர்ப் போரில் அன்வருத்தீன் மடிந்தார். முசாஃபர் ஜங்கும் சந்தா சாகிபும் பிரெஞ்சுக்காரரும் ஓரணியில் நின்றனர். அவர்களை அடக்க நாசர் ஜங் தெற்கே வந்தார். 1750 செப்டம்பரில் செஞ்சிக்கோட்டை பிரெஞ்சுக்காரர் வயமாயிற்று. அவ்வாண்டு டிசம்பரில் செஞ்சியை அடுத்த பாசறையில், பிரெஞ்சுப் படை தாக்கிய வேளையில், தம் பக்கமிருந்த கடப்பை நவாபின் வஞ்சத்தால் நாசர் ஜங் கொல்லப்பட்டார். கைதியாக இருந்த முசாஃபர் ஜங் அன்றே அரசராக அறிவிக்கப்பட்டுப் புதுச்சேரிக்கு வந்தார். துய்ப்ளே அவருக்குப் பெருவிழா எடுத்தார். ஐதராபாத் நோக்கிப் புறப்பட்ட முசாஃபர் ஜங், 1751 பிப்ரவரியில் இராயச்சோட்டிப் பகுதியில் அதே நவாபுகளோடு ஏற்பட்ட மோதலில் உயிரிழந்தார். உடன் சென்ற புஸ்ஸி சலாபத் ஜங்கை அரசராக்கினார்.

இவ்வளவையும் நாள்தோறும் கேட்டும் கண்டும் தமிழில் எழுதிவந்தவர் ஆனந்தரங்கப்பிள்ளை (1709–1761). 1736 முதல் ஏறத்தாழ இறுதிவரை எழுதப்பட்ட அவருடைய நாட்குறிப்பு, துய்ப்ளேயின் துபாசி என்ற நிலையிலிருந்து நோக்கியது. முசாஃபர் ஜங்கிடமிருந்து மன்சப் பட்டம் பெற்றவர் பிள்ளை. ஆகவே அவரை நடுநிலையாளர் என்பதற்கில்லை. ஆனால் வரலாற்றாய்வுக்கு அவருடைய பெரும்பயன் வேறோர் இடத்தில் இருக்கிறது. செய்தி எந்த நேரத்தில், யார் வழியாக, எந்த வடிவில் புதுச்சேரிக்கு வந்தது என்பதை அவர் எழுதிவைத்தார். வதந்தியை வதந்தியாகவும் உறுதிப்பட்டதை உறுதிப்பட்டதாகவும் பிரித்தார். சோதிடத்தையும் நற்சகுனத்தையும் நம்பினார், அவற்றையும் பதிந்தார். கதை பிறக்கும் நேரத்தில் அருகிலிருந்து பார்க்கும் வாய்ப்பு வழக்காற்றியலாருக்கு அரிதாகவே அமையும். நாசர் ஜங்கின் மரணம் ஒரு பழமரபுக்கதையாகியிருக்கக்கூடிய தருணம் அந்நாட்குறிப்பில் உள்ளது. அது கதையாகவில்லை.

ஆகாததற்குக் காரணம் தேடவேண்டும். துய்ப்ளே வெற்றியின் நினைவாக அவ்விடத்தில் தம் பெயரால் ஒரு நகரை நிறுவ முயன்றார், அதுவும் நிலைக்கவில்லை. செஞ்சி மக்களின் நெஞ்சில் அதற்கு முன்பே வேறொரு மரணம் இடம்பிடித்திருந்தது. 1714-இல் ஆர்க்காட்டு நவாப் சாதத்துல்லா கானை எதிர்த்து மாண்ட தேஜ் சிங், தேசிங்குராசனாகிக் கதைப்பாடலில் வாழ்கிறார். அவருக்குக் குதிரை உண்டு, உடன் மடிந்த இசுலாமிய நண்பன் மாவுத்துக்காரன் உண்டு, தீப்பாய்ந்த மனைவி உண்டு. நாசர் ஜங்குக்குச் செஞ்சி வெறும் பாசறை. அவர் அவ்வூரார்க்கு அயலார். ஐதராபாத்திலோ, உறவினர்க்கிடையிலான பூசலும் பிரெஞ்சுக்காரர் தயவில் அரசர் அமர்ந்த செய்தியும் ஏழு ரொட்டி வாழ்த்துக்குள் பொருந்தவில்லை. கொல்லப்பட்ட இடத்து மக்களும் ஆண்ட இடத்து மக்களும் கைவிட்டதால் அம்மரணம் துபாசியின் தாளில் மட்டும் தங்கிற்று.

கதை பிறப்பது மட்டும் நின்றுவிடவில்லை. 2018 செப்டம்பரில் நிஜாம் அருங்காட்சியகத்தில் தங்க உணவு அடுக்கு களவாடப்பட்டுச் சில நாட்களில் மீட்கப்பட்டது. திருடன் அதில் நாள்தோறும் உணவருந்தினான் என்ற செய்தி நாளிதழ்களில் பரவியது. நிஜாமே அதில் உண்டதில்லை என்னும் ஒட்டுத்தொடரும் அதனோடு சேர்ந்தது. காட்சிக் கண்ணாடிக்குள் இருக்கும் பொருளுக்கு வயது ஒரு நூற்றாண்டு. அதன் கதைக்கு வயது பத்தாண்டுகூட ஆகவில்லை.

ஐதராபாத்தில் கேட்ட கதைகளின் மாந்தர் சிலரை ஓரிடத்தில் காண விரும்புவோர், மகாராட்டிரத்தில் அவுரங்காபாத்தை அடுத்த குல்தாபாத்திற்குச் செல்லவேண்டும். இராமனின் காட்சி பெற்றதாகக் கூறப்படும் தானா ஷா, தௌலதாபாத் சிறையில் இறந்து அங்கே அடக்கமானார். குதுப் ஷாஹி கல்லறைத் தோட்டத்தில் அவருக்கு இடம் வாய்க்கவில்லை. அவரை வென்ற அவுரங்கசீப்பும் அவ்வூரிலேயே திறந்தவெளிக் கல்லறையில் இருக்கிறார். ஏழு ரொட்டி உண்ட முதலாம் ஆசஃப் ஜாவின் கல்லறை புர்ஹானுத்தீன் கரீபின் தர்காவில் உள்ளது. செஞ்சியில் மாண்டு, எண்ணிக்கையில் சேராமற்போன நாசர் ஜங்கின் கல்லறையும் அதே தர்காவில்தான் இருக்கிறது.